ஐஸ்பழத் தடியில் சிலுவை

யோகராணிக்கு ஆங்கிலம் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை. பாரிஸில் ரூ பெர்தொனே என்கிற தெருவில் சேலைக்கடை ஒன்றில் நின்று, பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாக வியாபாரம் பார்க்கிறவள். அது போதாதா? லா சப்பலில் புதன்கிழமை பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு நான் பெயர் கொடுத்தேன். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் எனக்கு நேர் எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். மகன் லண்டனில் கடை எடுத்திருக்கிறானாம், அங்கே போய் இருக்கப் போகிறாளாம். பாரிஸ் முழுக்க எத்தனை வகுப்பு நடக்கிறது. என் கண்ணில் விழுந்தால்தான் அவளுக்கு ஆங்கிலம் ஏறும் போலிருக்கிறது.

எனக்கு ஏன் ஆங்கிலம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் என் மகன் பேனாட்டைத் தேடுகிறேன். இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் புலிகள் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. மறு வருடம் சண்டை முடிந்த அன்று, வட்டுவாகலில் இலங்கை ஆமி அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்றியவர்கள் எங்கே இறக்கினார்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. சண்டைக்குப் பிறகு திரும்பிப் போய் மன்னாரில் இருந்தபோது, மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்க ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். வாங்கினால் அத்தோடு தேடுதல் முடிந்தது. வந்தவர்களை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன்.

பிரான்சுக்கு வந்த பிறகு, காணாமல் போனவர்களுக்காக வேலை செய்கிற ஆட்கள் போன வருடம் என்னை ஜெனீவாவுக்கு, ஐ.நா. மனித உரிமைச் சபைக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பெரிய மண்டபத்துக்குப் பக்கத்து அறையொன்றில் எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். நான் நெஞ்சு வெடிக்கத் தமிழில் சொன்னதை, மொழிபெயர்க்க வந்த பெடியன் ஆறின கஞ்சி மாதிரி ஊற்றி முடித்தான். எதிரே இருந்த வெள்ளைக்காரி தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அன்றைக்கே முடிவெடுத்தேன். அடுத்த முறை போகும்போது நடுவில் ஒருவரும் வேண்டாம், என் வாயாலேயே சொல்வேன்.

படிப்பித்தவள் ஜிஸ்லேன். லிசே என்கிற உயர்பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரி, கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை. இங்கிலாந்துக்காரரே தங்கள் நாட்டை அந்தளவுக்கு நேசிப்பார்களோ தெரியாது. ஒரு நாட்டின் மொழியைப் படிக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுப் பண்டிகைகளைப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. நான் பஸ்ஸில் ஏற்றப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசப் பழக வந்தால், அவள் எனக்கு ஈஸ்டர் முயலையும் சொக்கிலேட் முட்டையையும் பழக்கினாள்.

தவக்காலத்துக்கு முதல்நாள் அவர்கள் அப்பம் மாதிரி ஒன்று சுட்டு, தாச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்களாம். நான் வேலை செய்கிற ரூ பிலிப்-து-ஜிரார் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் பொரிக்கிற தாச்சியோடு ஒருநாள் ஓடிப் பார்க்கவேண்டும், முதலாளி என்னை விசர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவார். மே மாதம் கம்பத்தைச் சுற்றி ரிப்பன் பிடித்து ஆட்டம். அறுவடைக்கு நன்றி சொல்லத் தகரப் பேணியில் அடைத்த பயற்றங்காயைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பங்குனியில் அன்னையர் ஞாயிறு வந்தது. அந்தக் காலத்தில் தூர வீடுகளில் வேலைக்கு நின்ற பிள்ளைகளுக்கு அன்றைக்கு மட்டும் லீவாம், வழியில் பூப் பறித்துக்கொண்டு தாயைப் பார்க்க வருவார்களாம். அந்த வகுப்பில் நான் தலையிடி என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழும்பி வந்துவிட்டேன்.

யோகராணி எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொள்வாள். அவளுடைய எழுத்து வலப்பக்கம் கொஞ்சம் சரிந்த எழுத்து. எனக்கு அந்த எழுத்தை முதலே தெரியும்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நாங்கள் தர்மபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வரவேண்டும் என்ற காலம். யோகராணி அந்தப் பகுதிக்காரி, இயக்கத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் விபரம் எடுத்தவள். எங்கள் கொட்டில் வாசலில் குனிந்து நின்று, எத்தனை பொடியள், பெயர் என்ன என்று கேட்டாள். பேனாட்டே சிரித்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னான். வெயிலுக்குள் வந்திருக்கிறீர்கள், தேத்தண்ணி குடியுங்கோ அக்கா என்றும் கேட்டான். அவள் குடிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனாள். அடுத்த கிழமை ஒரு பிக்கப் வந்தது.

அவள் தன் மகள் சுபாங்கியையும் அனுப்பினவள், அந்தப் பிள்ளை ஆனந்தபுரத்தில் நடந்த சண்டையில் செத்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. வரவழைக்கவும் நான் முயலவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி வகுப்பு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலேயர் அன்றைக்கு ஊர் ஊராக நெருப்பு மூட்டுகிறார்களாம். நானூறு வருடத்துக்கு முன்னர் ஒருவன் பாராளுமன்றத்துக்குக் கீழே வெடிமருந்து வைத்தானாம், கொளுத்த முன்னரே பிடிபட்டுவிட்டானாம். அவனைப் போலப் பழந்துணியில் உருவம் செய்து ஒவ்வொரு வருடமும் எரிக்கிறார்கள்.

"கொடும்பாவி," என்றான் கரிகாலன். லண்டனில் ஒன்றுவிட்ட தமையனோடு சேரப் போகிற பெடியன், எங்களுக்கு விளங்காததை விளக்கிச் சொல்கிறவன்.

"நானூறு வருசமாவோ எரிக்கினம்?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி. ஒரு வருசமும் விடுறேல்லையாம்."

"இன்னும் கோபம் ஆறேல்லையோ எண்டு கேள்."

கேட்டான். ஜிஸ்லேன் சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை, பிள்ளைகளுக்கு வாணவேடிக்கை, அவித்த உருளைக்கிழங்கு, ஒரு விளையாட்டு என்றாள். நான் நம்பவில்லை. கோபமில்லாமல் ஒருவனை யாரும் நானூறு தரம் எரிக்கமாட்டார்கள். ஆங்கிலேயர் மேல் எனக்கு முதல்முறை ஒரு மரியாதை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் யோகராணியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கொப்பியைப் பார்த்தபடி இருந்தாள்.

அன்று வகுப்பு முடிந்து, வீடு இருக்கிற சார்செலுக்கு ரயில் எடுக்க கார் து நோர் ஸ்டேசன் பக்கம் நடந்தபோது யோகராணி பின்னால் வந்தாள்.

"பேர்ளி, உங்களோடை ஒரு கதை கதைக்கோணும்."

"உன்னோடை எனக்கு ஒரு கதையும் இல்லை," என்றேன். நடையைக் குறைக்கவில்லை.

நவம்பர் எனக்கு எப்போதுமே கெட்ட மாதம். எங்கள் கத்தோலிக்க வேதத்தில் அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில் ஒரு பெட்டி வைப்பார்கள், செத்தவர்களின் பெயரை எழுதிப் போட்டால் சுவாமி பூசையில் வாசிப்பார். நான் வந்த முதல் வருடமே என் மனுசன் சவிரிமுத்து பேனாட்டின் பெயரை எழுதிப் போட்டுவிட்டார். அத்தனை சனத்துக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். செத்தவர்களுக்கான பூசை அவனுக்கு வேண்டாம். காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்குத்தான் அவனுடைய மெழுகுதிரி. அன்றையிலிருந்து நானும் மனுசனும் உப்பு, புளி பற்றி மட்டும் பேசுகிறோம்.

அடுத்த புதன்கிழமை ஜிஸ்லேன் ஒரு பெட்டியும் மண் நிரப்பிய தட்டமும் கொண்டுவந்தாள். பெட்டிக்குள், ஐஸ்பழம் சாப்பிட்டு எறிகிற தட்டையான தடிகளைக் குறுக்காக ஒட்டிச் செய்த சின்னச் சின்னச் சிலுவைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்புக் கடதாசியில் வெட்டிய ஒரு பூ. பிரான்சைப் போல இங்கிலாந்திலும் நவம்பர் பதினொன்று போரில் செத்தவர்களின் நாள் என்றாள். அவர்கள் சட்டையில் சிவப்புப் பூ குத்துவார்கள், இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். லண்டனில் ஒரு பெரிய கோயில் முற்றத்துப் புல்லில் இப்படிச் சிலுவைகளை ஆயிரக்கணக்கில் நடுவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். விரும்பிப் போனவனா, பிடித்துக்கொண்டு போகப்பட்டவனா என்று அங்கே ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

"செத்துப்போன ஒரு சொந்தக்காரரின்ரை பேரை எழுதட்டாம்," என்றான் கரிகாலன். "பிறகு ரெண்டு நிமிசம் எழும்பி நிக்கோணும். பிறகு அவரைப் பற்றி மூண்டு வசனம் இங்கிலீசிலை."

நான் என் சிலுவையைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தேன். கரிகாலன் தன் மாமாவின் பெயரை எழுதினான். யோகராணி இரண்டு எடுத்தாள். ஒன்றில் சுபாங்கி என்று எழுதினாள். மற்றதையும் எழுதி, மை காய ஊதிவிட்டு, எழும்பி மேசையைச் சுற்றி வந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கோயிலில் தட்டம் வைக்கிற பணிவோடு என் முன்னால் வைத்தாள்.

வலப்பக்கம் சரிந்த எழுத்து. பேனாட்.

"என்ன இது?"

"நீங்கள் வேதக்காரர். சிலுவை எண்டால் உங்களுக்கு ஒரு ஆறுதலாயிருக்கும் எண்டு நினைச்சன். தம்பிக்கு ஒரு இடத்திலையும் ஒரு படம் இல்லை, ஒரு விளக்கு இல்லை. எனக்கு மனசு கேக்குதில்லை, பேர்ளி. அதுதான் நானே எழுதினன்."

சைவக்காரிக்கு என்ன தெரியும். சிலுவையில் பெயர் எழுதினால் அது கல்லறை. மன்னாரில் அரசாங்கத்தால் முடியவில்லை, கோயில் பெட்டியில் என் மனுசனால் முடியவில்லை. இவள் ஓர் ஐஸ்பழத் தடியில் என் பிள்ளையைப் புதைத்துவிட்டு, ஆறுதல் என்கிறாள்.

"என்ரை பிள்ளை செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அஞ்சு வருசமாச்சு..."

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்ரை பேரை நீ ரெண்டு தரம் எழுதிப்போட்டாய்," என்றேன். "முதல்தரம் எழுதினாய், கொண்டுபோச்சினம். இப்ப எழுதினாய், செத்திட்டான். உன்ரை கைக்கு என்ரை பிள்ளையை விட்டால் வேறை பேர் கிடைக்கேல்லையோ?"

"நான் என்ரை பிள்ளையைத்தான் முதல் குடுத்தனான்."

"நீ குடுத்தாய். நான் குடுக்கேல்லை."

ஜிஸ்லேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சிலுவையை முறித்து எறியத்தான் கை துடித்தது. ஆனால் சிலுவையை முறிக்க என்னால் முடியாது, அப்படி வளர்ந்தவள் நான். வேலையிலிருந்து நேரே வந்ததால் வெங்காயம் வெட்டுகிற சின்னக் கத்தி பையில் இருந்தது. துணியைப் பிரித்து அதை எடுத்தேன்.

"அன்ரி, வேண்டாம்," என்று கரிகாலன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். யோகராணி பின்னால் ஓர் அடியும் வைக்கவில்லை. குத்தினால் குத்தட்டும் என்று நின்றாளோ என்னவோ.

நான் சிலுவையை மேசையில் படுத்தி, எழுத்தைச் சுரண்டத் தொடங்கினேன். மை தடிக்குள் இறங்கியிருந்தது. மரவள்ளித் தோல் சீவுகிற மாதிரி மெல்ல மெல்லச் சீவினேன். கடைசி எழுத்தின் புள்ளி போக வெகுநேரம் எடுத்தது. சீவலையெல்லாம் உள்ளங்கையில் கூட்டி எடுத்து என் பைக்குள் போட்டேன். அதில் அவன் பெயர் இருந்தது, அதை அங்கே விடமுடியாது.

என்ன நடக்கிறது என்று ஜிஸ்லேன் கரிகாலனைக் கேட்டாள்.

"பேரிலை ஒரு பிழை, திருத்தினம்," என்று அவன் பிரெஞ்சில் சமாளித்தான்.

வெறுமையான சிலுவையை யோகராணியின் பக்கம் தள்ளினேன். பேனையையும் வைத்தேன்.

"எழுது."

"என்னத்தை?"

"உன்ரை பேரை."

உயிரோடு இருக்கிறவளிடம் அப்படிக் கேட்பது சாபம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். சுட்டெரிக்க ஒரு உருவமும் நெருப்பும் என்னிடம் இல்லை, தடிதான் இருந்தது. மாட்டேன் என்பாள், அழுவாள், வகுப்பை விட்டு ஓடுவாள், இனி வரவேமாட்டாள் என்று நினைத்தேன். அவள் பேனையை எடுத்தாள். நின்றபடியே குனிந்து, தர்மபுரத்தில் எங்கள் வாசலில் குனிந்த மாதிரியே குனிந்து, யோகராணி என்று எழுதினாள்.

ஜிஸ்லேன் அதை வாங்கி, நல்லது, நல்லது என்று சொல்லித் தட்டத்து மண்ணில் சுபாங்கியின் சிலுவையோடு சேர்த்து நட்டாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். எல்லோரும் எழும்பினார்கள். வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ போகிற சத்தம் கேட்டது. நான் கதிரையை விட்டு அசையவில்லை.

"எழும்புங்கோ அன்ரி," கரிகாலன் குனிந்து குசுகுசுத்தான். "செத்த ஆக்களுக்கு."

ஜெனீவாவுக்கென்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் என் வாயில் இருந்தது. குசினியில் ரோல்ஸ் சுற்றும்போதும் ரயிலிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம். அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே, யோகராணியின் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். என் மகன் சாகவில்லை. அவனை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நடுவில் ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவளும் இவ்வளவு காலம் என்னோடு அதே வகுப்பில்தானே இருந்தாள்.