ஐயாயில்மெண்ட்

அந்த மருந்துக்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ஸ்பெல்லிங். அவர் திருத்துவது எழுத்தை அல்ல, உச்சரிப்பை. ஆனால் யாராவது ‘ப்ரொனௌன்சியேஷன் அண்ணன்’ என்று கூப்பிட்டால், “ப்ரொனௌன் இல்லப்பா, ப்ரொனன்சியேஷன்” என்று அதையும் திருத்துவார். எதற்கு வம்பு என்று எல்லோரும் ஸ்பெல்லிங்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கெட்ட மனுஷர் இல்லை. பாதிக் கதையில் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். வாலிபத்தில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனவர், ‘ரிசீட்’ என்கிற வார்த்தையை நடுவில் ஒரு ‘ப்’ போட்டு அழுத்தமாக ‘ரிசிப்ட்’ என்று சொல்லியிருக்கிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வேலை கிடைக்காமல் போனதுகூட அவருக்கு மறந்துபோயிற்று, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. தன் கடைக்கு வருகிற யாரும் வெளியே போய் அப்படி ஒரு சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். ஆகவே அவரே முந்திக்கொண்டு திருத்துவார். திருத்தும்போது அவரும் சிரித்தார் பாருங்கள், அதுதான் வினை.

‘ப்ளம்பர்’ என்றால் “அந்த ‘ப’வை முழுங்கிடணும், ப்ளம்மர்” என்பார். ‘வெட்னஸ்டே’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் ‘வென்ஸ்டே’ என்று சொல்லிக்காட்டுகிற வரைக்கும் மருந்து கைக்கு வராது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, “தலைவலின்னு வந்தவங்களுக்கு இன்னொரு தலைவலி எதுக்குங்க?” என்பாள். அதற்கும் சிரிப்பார்.

அன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு கடையில் நல்ல கூட்டம். வரிசையில் நின்ற ஒருத்தர் கையில் கண்ணாடி வெட்டின கீறல்கள், முழங்கைவரை வெள்ளைத் தூசி. மற்றவர்களைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி.

“அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே. பாப்பா தூங்கறதுக்குள்ள போகணும்.”

“எல்லாருக்கும் அவசரம்தான். என்ன வேணும்?”

“ஐ ஆயில்மெண்ட்.”

ஒரே மூச்சில் சொன்னார், மறந்துவிடுமோ என்கிற பயத்தில். அந்த ‘ஐ’யும் ‘ஆ’வும் ஒட்டிக்கொண்டு ‘ஐயா’ ஆகிவிட்டது. கடைக்காரர் காதில் விழுந்தது, ‘ஐயா, ஆயில்மெண்ட்.’

“ஆயில்மெண்டா? எதுக்கு, எஞ்சினுக்கா?”

பின்னால் நின்ற பேக்கரிக்காரர் விடுவாரா? “ரெண்டு லிட்டர் ஊத்திவிடுங்க, வண்டி நல்லா ஓடட்டும்!” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த மனுஷர் முகம் சிவந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லுங்க. ஆயின்ட்மென்ட்.”

“ஆ... ஆயின்மெண்ட்.”

“ஆயின்ட். மென்ட்.”

“ஆயின்ட்மென்ட்.”

“அவ்வளவுதான்! பாத்தீங்களா, எவ்வளவு லேசா வருது! வலிக்கா, எரிச்சலுக்கா?”

“வலியும் இருக்குண்ணே, எரிச்சலும் இருக்கு.”

அலமாரியிலிருந்து சின்ன ட்யூப் ஒன்று கவுன்டருக்கு வந்தது. மூட்டுவலி, தசைப்பிடிப்புக்குத் தடவுகிற களிம்பு. காரம் என்றால் காரம், தோலில் பட்டாலே முதலில் ஜில்லென்று இருந்து அப்புறம் நெருப்பாகப் பிடிக்கும். ‘இதுதானா’ என்று கேட்க அந்த மனுஷருக்கு வாய் வந்திருக்கும். கேட்டால் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும், மறுபடியும் அத்தனை பேர் சிரிப்பார்கள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “வரேண்ணே” என்று கிட்டத்தட்ட ஓடினார்.

கூட்டம் கலைந்தது. கடைக்காரர் கவுன்டரைத் துடைத்துக்கொண்டே, “என்ன மரியாதை பாரு அவருக்கு” என்றார் மனைவியிடம். “ஐயான்னு சொல்லித்தான் கேக்கிறாரு.”

“ஐயாவா? யாரு?”

“அதான், ஆயில்மெண்ட்.”

அவள் சில்லறை டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். “அவர் உங்களை அண்ணேன்னு இல்ல கூப்பிட்டாரு? வந்ததும் அண்ணே, போறப்ப அண்ணே. நடுவுல ஒரே ஒரு தடவை மட்டும் எதுக்கு ஐயா?”

“ஏதோ வாயில வந்திருக்கும்.”

“என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“ஐயாயில்மெண்ட்.”

“மெதுவா.”

“ஐ... ஆயில்மெண்ட்.”

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஐ. கண். அந்த மனுஷர் கேட்டது கண்ணில் போடுகிற மருந்து.

“பாப்பா தூங்கறதுக்குள்ளன்னாரே...” என்றாள் மனைவி.

பெயர் தெரியாது, வீடு தெரியாது. கடைக்காரர் கண் களிம்பு ட்யூப் ஒன்றை எடுத்துக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். இந்தக் கோடியில் பள்ளிக்கூட வேன்கள், அந்தக் கோடியில் காய்கறி இறக்குகிற லாரி. வெள்ளைத் தூசிக் கை ஒன்றும் தென்படவில்லை. சட்டென்று சிரிப்புச் சத்தம் ஞாபகம் வந்து பேக்கரிக்குள் ஓடினார்.

“உனக்கு முன்னாடி நின்னாரே, அவரைத் தெரியுமா?”

“யாரு, ரெண்டு லிட்டரா?” என்று பல்லைக் காட்டின பேக்கரிக்காரர், வந்தவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினார். “தெரியும். கண்ணாடி போடறவரு.”

“இல்லப்பா, அவர் கண்ணாடி போடலையே! வெறும் கண்ணு!”

“ஐயோ, ஜன்னலுக்குப் போடறவருங்க! நம்ம ஷோகேஸுக்கு இவர்தான் போட்டாரு. என்ன ஆச்சு?”

“கண்ணு மருந்து கேட்டாரு. நான் மூட்டுவலி மருந்தைக் குடுத்துட்டேன். குழந்தைக்கு.”

பேக்கரிக்காரர் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனைத் தேடினார். “நம்பர் இருக்கு. ஆர்டர் எல்லாம் அவர் சம்சாரம்தான் எடுப்பாங்க. பேசுங்க.”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் குரல், தாழ்வாக: “ஹலோ. கண்ணாடி வேலையா?”

பயத்தில் மனுஷருக்கு எது வருமோ அதுதான் வரும். இவருக்கு இங்கிலீஷ் வந்தது. “மேடம், அந்த ஆயின்ட்மென்ட்டை அப்ளை பண்ணாதீங்க!”

“என்னதுங்க?”

“ஆயின்ட்மென்ட்! ஆயின்ட்மென்ட்!”

“அப்பாயின்ட்மென்டா? அவர் இப்பத்தான் வேலைக்குப் போனாரு, சாயங்காலம் வருவாரு. பாப்பாவைத் தூங்க வெச்சிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க.”

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. “படும்மா, கண்ணைத் தொற” என்று அதே குரல் வேறு பக்கம் திரும்பிச் சொன்னது. தொடர்பு அறுந்துவிட்டது.

மறுபடி அடித்தார்கள். எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிற நேரம் என்று சத்தத்தை அடைத்துவைத்திருப்பாள், தாய் அல்லவா.

“வீடு எனக்குத் தெரியும், ஏறுங்க” என்றார் பேக்கரிக்காரர், ஸ்கூட்டரை உதைத்து.

“அடுப்புல பன் இருக்கே?”

“கருகினா கருகட்டும், ஏறுங்கண்ணே!”

இரண்டு தெரு தள்ளி, பழைய குடியிருப்பு. வாசலில் யாரோ சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டுப் படியில் ஏறினார் கடைக்காரர். மூச்சு இரைத்தது. எந்த மாடி என்று கீழேயிருந்து பேக்கரிக்காரர் கத்தினது காதில் ஏறவில்லை. அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘படும்மா, கண்ணைத் தொற.’ அவள் சொல்கிறாள், குழந்தை நம்பித் திறக்கிறது.

ஒரு கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் துண்டுகள் சாய்ந்திருந்தன. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. கதவைப் படபடவென்று தட்டினார்.

“யாரு?”

“மருந்துக்கடைம்மா! கதவைத் தொறங்க!”

“நாங்க யாரையும் வரச்சொல்லலையே. வீட்டுல அவர் இல்ல.”

“அந்த ஆயின்ட்மென்ட்...”

“எந்த மென்டும் வேண்டாம், போங்க. குழந்தை மிரளுது.”

அவர் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார். “ஆயில்மெண்டும்மா! ஆயில்மெண்ட்! உங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்த ஆயில்மெண்ட்! கண்ணுல போடாதீங்க! அது கண்ணு மருந்து இல்ல!”

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. அழுகையும் நின்றுவிட்டது. அந்த ஒரு நொடியை அவர் எப்படித் தாண்டினார் என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா.

தாழ்ப்பாள் விலகியது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. வலதுகை ஆள்காட்டி விரலை எதிலும் படாமல் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு துளி.

“போட்டுட்டீங்களா?”

“எங்க போட விட்டா? கட்டிலுக்கு அடியில பூந்துகிட்டு வெளிய வரமாட்டேங்குறா. காலைப் பிடிச்சு இழுத்தேன், அதுக்குத்தான் அந்த அலறல்.” சொல்லிக்கொண்டே விரலைப் பார்த்தாள். “நானும் நினைச்சேன், என்னடா இது விரலெல்லாம் ஜில்லுன்னு இருக்கேன்னு. இப்ப எரியுது.”

கடைக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. இரண்டு இமையும் பீளையில் ஒட்டி வீங்கியிருந்தன. இந்தப் பக்கம் வந்தது யார் என்று பார்க்கக்கூட அதனால் முடியவில்லை. முகத்தை மட்டும் சத்தம் வந்த திசைக்குத் திருப்பியது.

கையை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள் அந்தப் பெண். அதற்குள் அவளுக்குக் கோபம் ஏறியிருந்தது.

“அவர் என்னன்னு கேட்டாரு கடையில? மாத்திச் சொல்லிட்டாரா?”

“இல்லம்மா.”

“கண்ணு மருந்துன்னு கேட்டா சொட்டு மருந்தைக் குடுத்துடுவாங்க, ஐ ஆயில்மெண்ட்னு கேளுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். பழைய ட்யூப்பை இவ எங்கயோ கடாசிட்டா. போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போங்கன்னேன். சொன்னாரா, இல்லையா?”

“சரியாத்தான் சொன்னாரு. நான்தான் வார்த்தையைத் திருத்தறேன்னு...” கையிலிருந்த புது ட்யூப்பை அவளிடம் நீட்டினார். “எல்லாரும் சிரிச்சோம்மா. அவர் அதுக்கப்புறம் வாயே தொறக்கலை.”

படியில் நின்ற பேக்கரிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவர் நீட்டின ட்யூப்பை அவள் வாங்காமல், “இது எதுக்கு?” என்றாள்.

“கண்ணுக்கு.”

“யார் கண்ணுக்கு?”

“பாப்பா கண்ணுக்கு. கண்ணுல போடற களிம்பு இது.”

“உங்க விரல்ல முதல்ல எடுத்து உங்க கண்ணுல போடுங்க.”

கையைக் கழுவிவரச் சொல்லி, போடச் சொன்னாள். போட்டுக்கொண்டார். கண்ணை மூடித் திறந்து அவள் முன்னால் நின்றார். எரிகிறதா என்று அவள் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் அவர் கையிலிருந்த ட்யூப்பை வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். “எல்லாரும் இருக்கறப்பத்தான அவரைப் பாத்துச் சிரிச்சீங்க?”

“ஆமாம்மா.”

“நாளைக்கு அவரைக் கடைக்கு அனுப்பறேன்.” அவ்வளவுதான் சொன்னாள்.

இரவு கடைக்காரர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரோ வந்தார்கள். ‘ரிசிப்ட்’ என்றார்கள், ‘வெட்னஸ்டே’ என்றார்கள். எதுவும் அவர் காதில் நிற்கவில்லை. மத்தியான வரிசை சேர்ந்தபோது கண்ணாடிக்காரர் வந்தார். கடைசியில் போய் நின்றார். முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. அவர் முறை வந்தது. வாயைத் திறக்கவில்லை. விரலால் அலமாரியைக் காட்டினார்.

கடைக்காரர் எட்டி எடுக்கவில்லை. கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் நின்றார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நேத்து இவர் சரியான மருந்தைத்தான் கேட்டாரு. சரியா, தெளிவாக் கேட்டாரு. நான் அதைக் காதுல வாங்காம அவர் நாக்கைப் பாத்துக்கிட்டிருந்தேன். தப்பான மருந்தைக் குடுத்துட்டேன். இவர் குழந்தைக்குக் கண்ணு போயிருக்கும்.”

வரிசையில் நின்றிருந்த பேக்கரிக்காரர், “நானும் சிரிச்சேன். மன்னிச்சிருங்க” என்றார், தரையைப் பார்த்தபடி.

கண்ணாடிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிக்கிற முகமாகவும் இல்லை, சண்டைக்கு வந்த முகமாகவும் இல்லை. முந்தைய நாள் மாதிரி உதடு முணுமுணுக்கவும் இல்லை.

“பஞ்சு வேணும்” என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்தார். கொடுப்பதற்கு முன் கேட்டார். “எதுக்கு?”

“பாப்பா கண்ணு தொடைக்க.”

“தொறந்திருச்சா?”

“இடது கண்ணு தொறந்திருச்சு, காலையில” என்றார் அவர். குரல் கொஞ்சம் இளகியது. “இன்னொண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.”