மூன்றாம் வரிசைக் காது

மோஸ்டின் ப்ராசர் வாசலில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றாம் வரிசையின் ஓர இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே வலது கைக் கட்டைவிரலைத் தோளுக்கு மேல் உயர்த்திக் காட்டினார். சத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நகர மன்றத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்குக் கிடைக்கிற ஒரே பதில் அந்தக் கட்டைவிரல்தான். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் தண்ணீர் குடிப்பேன்.

அரங்கின் பின்சுவரோடு ஒட்டிய கண்ணாடிக் கூண்டு என்னுடையது. ஒரு துணி அலமாரியைக் காலி செய்து நாற்காலி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கீழே யாராவது வெல்ஷில் பேசினால் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் அது கறாரான விதி. அப்படி நான் குப்பை லாரி ஒப்பந்தத்தை எதிர்த்திருக்கிறேன், கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்திருக்கிறேன், பேரன் பிறந்ததற்கு மன்றத்தின் வாழ்த்துகளை ஏற்று நன்றிகூட சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் "நான்" என்று ஆரம்பிக்க ஒரு விஷயமும் இருக்காது, கேட்கவும் ஆள் கிடையாது. தேநீர்க் கெட்டில் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். அதுவும் தானாகவே அணைந்துவிடும்.

எங்கள் வேல்ஸ் நாட்டு ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வெல்ஷ் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால், பத்துப் பேரும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இன்னொரு பழக்கம் இதைவிட விசித்திரமானது. ஒருவரோடு முதல் நாள் எந்த மொழியில் வாயைத் திறந்தோமோ, கடைசிவரை அந்த மொழிதான். என் அத்தை பக்கத்து வீட்டுக்காரியோடு ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டு பேருக்கும் தாய்மொழி வெல்ஷ்தான் என்பது ஒரு சாவு வீட்டில் நடந்த வெல்ஷ் பிரார்த்தனையில், இருவரும் ஒரே நேரத்தில் ஆமென் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின்னும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. கூச்சம்.

நானும் மோஸ்டினும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். பேசிக்கொள்வோம் என்பதே பெரிய வார்த்தை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அவர் "மழை" என்பார். நான் "ஆமா, நிக்கற மாதிரி இல்ல" என்பேன். மழை இல்லாத நாட்களில் இருவரும் திணறுவோம். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆலைக்குப் பின்புறத் தெருக்களுக்குக் கவுன்சிலர், மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன என்பதெல்லாம் எனக்கு மற்றவர்களின் பேச்சை மொழிபெயர்த்ததில் தெரிந்தவை. ஒரு காலத்தில் பெட்டியிலிருந்து பலர் ஹெட்செட் எடுத்தார்கள். மரியாதைப் பழக்கம் முற்ற முற்ற எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேச, மற்றவர்கள் கருவியை விட்டுவிட்டார்கள். எப்போதாவது வருகிற வெல்ஷுக்காக விடாமல் மாட்டிக்கொள்கிறவர் மோஸ்டின் மட்டும். அந்த ஒற்றை மனிதருக்காகத்தான் நான் குரலைச் செருமிக்கொள்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அவர் வராத புதன்கிழமைகளில் விதிப்படி காலிக் காற்றோடு பேசிவிட்டு வீடு திரும்பியிருக்கிறேன். அந்த இரவுகளில் ரேடியோவைப் போடக்கூடப் பிடிக்காது.

இந்த நிலையில்தான் எங்கள் நகரம் கலாச்சார நகரம் என்ற பட்டத்துக்கு மனுப் போட்டது. மனுவுக்கு வலுச் சேர்க்க எய்ஸ்டெத்வொட் விழாவை எங்கள் ஊருக்கு அழைப்பது என்று மன்றத் தலைவி லோவ்ரி முடிவு செய்தாள். விழாக்குழு வந்து அழைப்பை ஏற்று, "இந்த நகரத்துக்குப் பட்டம் கொடுக்கலாம்" என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. பாட்டும் கவிதையும் போட்டிகளுமாக ஒரு வாரம் நடக்கிற விழா அது. மேடையில் வெல்ஷ் தவிர வேறு மொழிக்கு இடமில்லை. அதனால் அழைப்புக் கூட்டம் முழுக்க வெல்ஷிலேயே நடக்கவேண்டும், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறவேண்டும் என்று லோவ்ரி ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டத்துக்கு முந்தின வாரம் என் கூண்டுக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"நெஸ்டா, ஒரு உதவி பண்ணணும். அன்னிக்கு ஃபோட்டோக்காரங்க வர்றாங்க. படத்துல ஒரு ஹெட்செட்டும் தெரியக் கூடாது."

"போடறதே ஒருத்தர்தானே."

"அந்த ஒருத்தரைத்தான் சொல்றேன். விழாக்காரங்க முன்னாடி, இங்க வெல்ஷ் புரியாத கவுன்சிலர் இருக்கார்னு நாமளே போர்டு மாட்டி வைக்கணுமா?"

"புரியாதவர் என்ன செய்வார் லோவ்ரி?"

"எல்லாரும் கை தட்டும்போது தட்டட்டும், சிரிக்கும்போது சிரிக்கட்டும். பாதி பேர் அதைத்தானே பண்றாங்க?" என்று கண் சிமிட்டினாள். "நீங்க சொன்னா கேப்பார். அவர் கழட்டிட்டார்னா உங்களுக்கும் அன்னிக்கு லீவு."

லீவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவளிடம் கேட்கவில்லை. கெட்டவள் இல்லை லோவ்ரி. இந்த ஊருக்காக நாயாய் அலைகிறவள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாடிப்படியில் மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் வழக்கம்போல் விலகாமல் நின்றேன். அவரும் ஆச்சரியப்பட்டு நின்றார். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன், அதுல நான் பாக்க அசிங்கமா இருக்கேனா?"

"அதுக்கில்லைங்க. படம் எடுப்பாங்களாம்."

"அப்ப என் மூஞ்சியவே படத்துல விட்டுடச் சொல்லுங்க, சந்தோஷம். காதுல இருக்கறதை மட்டும் கேக்காதீங்க." சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "புதன்கிழமைன்னா எனக்கு இது ஒண்ணுதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டார். குடையை விரித்தார், இன்னும் கட்டடத்துக்கு உள்ளேயே. கதவில் குடை மாட்டிக்கொள்ள, மடக்கி, வெளியே போய் மறுபடி விரித்தார். எனக்கு வெட்கமில்லாத சந்தோஷம். பேருந்தில் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பாதி வாக்கியத்தை விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு நாளன்று வாசலில் பெட்டியைக் காணவில்லை. லோவ்ரியின் வேலை. அந்த இடத்தில் வேல்ஸின் தேசியப் பூவான டாஃபடிலை ஒரு ஜாடியில் வைத்திருந்தாள். மோஸ்டின் நல்ல கோட்டும் டையுமாக வந்து, பூ ஜாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தனை பேரையும் தாண்டி நடந்து வந்து என் கூண்டுக் கதவைத் தட்டினார். அவர் அந்தக் கதவுக்கு வந்ததே இல்லை.

"பெட்டியைக் காணோம்" என்றார். பள்ளிக்கூடத்தில் குல்லாவைத் தொலைத்தவர் போல நின்றார்.

ஒலி சரியாகப் போகிறதா என்று நானே சோதித்துக்கொள்ள ஒரு கருவி வைத்திருப்பேன். லோவ்ரி முன்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதது போல என் காதிலிருந்து அதைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இன்னும் சூடாக இருந்திருக்கும். அவர் மாட்டிக்கொண்டு போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கட்டைவிரலைக் காட்டினார்.

விழாக்குழுவின் தலைவர் மெயினிர் என்கிற அம்மாள். பேச எழுந்தாள், வெள்ளைத் தலை, கணீரென்ற குரல். எங்கள் ஊருக்கு வரும் வழியில் வட்டச்சாலையில் மூன்று முறை சுற்றியதாகவும், மூன்றாவது சுற்றில் ஒரு ஆடு தனக்கு வழி காட்டியதாகவும், ஆடு வெல்ஷில்தான் பேசியது என்றும் சொன்னாள். நான் எப்போதும் போல ஒரு வாக்கியம் பின்னால் வந்துகொண்டிருந்தேன், இன்னும் இரண்டாவது சுற்றில்தான் இருந்தேன். அதற்குள் மோஸ்டினின் தோள்கள் குலுங்கின.

என் வாய் நின்றுவிட்டது. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கலாம், லோவ்ரி சொன்ன மாதிரி. ஆனால் எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தவர் அவர்தான். நான் பேசாமலே இருந்தேன். மெயினிர் அடுத்த விஷயத்துக்குப் போனாள். மோஸ்டின் காதில் ஒன்றும் போகவில்லை. அவர் தலை மெல்ல அசைந்தது, கையால் கருவியை அழுத்திப் பார்த்தார். பிறகு முதல்முறையாக முழுசாகத் திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பேச்சு புரியாத கவலை இல்லை அந்த முகத்தில். என்னம்மா ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்கிற முகம். நான் அவசரமாக எங்கோ தொற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தேன்.

அவர் திரும்பியதில் மெயினிரும் அவர் காதிலிருந்ததைப் பார்த்துவிட்டாள். உடனே, எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய மரியாதையோடு, "அடடா, மன்னிக்கணும், கவனிக்கவே இல்ல" என்று அப்படியே ஆங்கிலத்துக்கு மாறினாள். அவள் மாறியதும் மேயர் மாறினார். பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள். வெல்ஷ் விழாவை அழைக்கிற கூட்டம் கண் மூடித் திறப்பதற்குள் ஆங்கிலக் கூட்டமாகிவிட்டது. லோவ்ரி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ வேலை போய்விட்டது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் சொல்ல முடியாதே. மைக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மோஸ்டின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

"எனக்காக மாத்தாதீங்க. வெல்ஷ்லயே பேசுங்க" என்றார். வெல்ஷில் சொன்னார்.

சேப்பலின் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளை பேசுகிற பழைய வெல்ஷ். துரு ஏறியிருந்தது, ஆனால் பிசகவில்லை. நான் மைக்கைத் திறந்தேன். அவர் இன்னும் கருவியைக் கழற்றவில்லை. அவர் சொல்வதை அவர் காதிலேயே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். விதி விதிதான்.

"எனக்கு இது சின்ன வயசுலயே தெரியும்" என்றார் அவர். நான் சொன்னேன். "என் மனைவிக்குத் தெரியாது. அவளோட ஆங்கிலத்துலதான் பழகினேன். அப்புறம் மாத்திக்கறது எப்படி? வாய்க்குப் பழக்கம் விட்டுப்போச்சு. இங்க முதல் நாள் யாரோ ஹெட்செட்டைக் கையில குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்லக் கூச்சம், வாங்கிக்கிட்டேன். அவ போனப்புறம் கழட்ட மனசு வரல."

அவர் நிறுத்தினார். நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

"வீட்டுல யாரும் பேசறதில்ல" என்றார். "வாரத்துல ஒரு நாளாவது ஒரு குரல் காது கிட்ட வந்து பேசுதேன்னு..."

"என் வீட்டில் யாரும் பேசுவதில்லை" என்று நான் அவர் காதில் சொன்னேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேருடைய "என்"னையும் "நான்"ஐயும் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுதான் என் வாய்க்கு அளவாக இருந்தது. அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. இருவரும் அப்படியே இருந்தோம், அவர் நின்றபடி, நான் உட்கார்ந்தபடி.

பிறகு அவர் தொண்டையைச் செருமி, "விழா வரட்டும். எங்க தெரு ஆளுங்களுக்கும் இடம் வைங்க. அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மெயினிர் எழுந்து நின்று கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். லோவ்ரிக்குக் கண்ணெல்லாம் ஈரம். இதைவிட நல்ல காட்சியை அவளே எழுதியிருந்தாலும் கிடைத்திருக்காது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மனுவுக்கு ஆதரவாக எழுதித் தருகிறேன் என்று மெயினிர் அங்கேயே வாக்குக் கொடுத்தாள். கைதட்டல் அடங்கியதும் லோவ்ரி கூண்டைப் பார்த்து உற்சாகமாகக் கூவினாள்.

"நெஸ்டா, இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்! இங்க ஒருத்தருக்கும் அது தேவையில்லையாம்!"

எல்லாரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். எல்லாரும் மோஸ்டினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்களுக்கு நடுவில் வெல்ஷ் தெரிந்த ஒரு மனிதர் ஹெட்செட்டோடு எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? அவர் அதை மெதுவாகக் கழற்றினார். காதைத் தேய்த்துக்கொண்டார். அது சிவந்திருந்தது.

படம் எடுக்க எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஃபோட்டோக்காரர் மேயரின் மேடை மேல் ஏறிக்கொண்டார். அவர்கள் அவரைப் பார்த்து நின்றதால் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. ஓரத்தில் மோஸ்டின். படத்தில் விழக் கூடாதென்று ஹெட்செட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மைக்கின் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாதபோது வாயைத் திறக்கக் கூடாது. இருந்தும் நான் அணைக்கவில்லை.

அவருடைய கட்டைவிரல் அசைந்தது. ஒலி கூட்டுகிற சக்கரத்தை மேல்நோக்கித் தள்ளி, அது முட்டி நிற்கும்வரை தள்ளிக்கொண்டே போனது.

நான் மைக்கருகில் குனிந்தேன்.

"மழை" என்றேன், வெல்ஷில். "நிக்கற மாதிரி இல்ல."

ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார். வரிசையில் இருந்த தலைகளெல்லாம் அவரைப் பார்த்திருக்க, ஓரத்தில் ஒரு தலை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியது.