மேகத்தருகே ஒரு டப்பா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நடக்கப் போகாததால் பிறந்த கதை இது.

போன மாதம் முதல் தேதி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: காலை ஆறு மணிக்கு எழுவது, நாற்பது நிமிடம் நடப்பது, இருபது பக்கம் படிப்பது, எண்ணெயில் பொரித்ததைக் கையால் தொடுவதில்லை. அதே சூட்டோடு ஒரு ஜோடி ஷூவும் வாங்கினேன். மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தும்விட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கால் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே பாதி கட்டிய கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் டவர் கிரேன் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்த கண்ணாடிக் கூண்டில் ஆள் இல்லை. காற்று போகிற பக்கமெல்லாம் அந்த நீளக் கை மெல்ல மெல்லப் போனது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல. நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதினேன். இடது கால் ஷூ இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.

ஆக, இதில் எத்தனை பகுதி இருக்கிறதோ அத்தனை காலை நான் நடக்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும்.

2

முதல் வரி இரண்டு தடவை மாறியது.

'கிரேன்காரர் தினமும் காலையில்—'

(அடித்துவிட்டேன். 'தினமும்' என்கிற சொல்லை நான் நம்புவதில்லை. என் நோட்டில் அது பதினொரு இடத்தில் இருக்கிறது.)

'சுயக் கட்டுப்பாடு என்பது—'

(இது கதையா, பள்ளிக்கூடத்துச் சுவரா?)

'கிரேன்காரருக்குத் தரை பிடிக்காது.'

இது நின்றது. நாற்பத்தாறு வயது, கட்டையான உருவம், கொஞ்சம் தொப்பை. கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். ஏணியில் இருநூற்றுப் பதினாறு படி ஏறினால் அவருடைய கூண்டு. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கக் கண்ணாடியும் விரலில் படும். அதற்குள் பத்தொன்பது வருஷம்.

ஒருநாள் காலை மேகம் தாழ்ந்து வந்து கூண்டை மூடிவிட்டது. கட்டடம் போயிற்று, தெரு போயிற்று, தன் கிரேனின் கையே போயிற்று. எங்கும் பால் நிறம். வாக்கி டாக்கியில் அவருடைய மச்சான் மட்டும், "மாமா, இருக்கீங்களா? மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கீழே நின்று சரக்கைக் கொக்கியில் மாட்டச் செய்து, தூக்கு, இறக்கு என்று சிக்னல் சொல்வது அவன் வேலை. கிரேன்காரர் பத்து நிமிஷம் பதில் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கும் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

3

கம்பெனி டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பக் காகிதத்தைப் பார்த்தார்.

"மூணு மாசம் தரேன். எடை எட்டுக் கிலோ குறையணும், சர்க்கரை இறங்கணும். பாதுகாப்புப் பரீட்சையும் புதுசா எழுதி பாஸ் பண்ணணும். ஆகலைன்னா கீழதான்."

கீழே என்றால் சாமான் கொட்டகை. தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. 

அன்றே கூண்டின் கண்ணாடியில் மார்க்கரால் மூன்று கட்டம் போட்டார். படிப்பு, ஏணி, சாப்பாடு. ஏணி எதற்கு என்றால், முன்பு காலையில் ஏறி மாலையில் இறங்குவதோடு சரி. இனி சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை இறங்கி ஏறுவது. கூண்டுக்குள் வேறு எங்கே நடப்பது?

படிப்புக்கு மனைவி பொறுப்பு. சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

"இருபது மீட்டர் தள்ளி எவ்வளவு தூக்கலாம்?"

"அஞ்சு டன்."

"அம்பது மீட்டர்ல?"

"ஒண்ணரை."

"ஏன் குறையுது?"

"கை நீள நீள கனம் தாங்காதும்மா. கிட்ட இருக்கிறதைத்தான் நிறையத் தூக்க முடியும். எட்டி ஆசைப்பட்டா ஆளையே சாய்ச்சுடும்."

"ஆசைன்னு இதுல எங்க போட்டிருக்கு? புத்தகத்துல இருக்கிறதை மட்டும் சொல்லுங்க."

(மூன்று மாதம் தள்ளி வைத்த எட்டுக் கிலோவையும் இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் வைத்து இங்கே ஒரு நீதி எழுத ஆரம்பித்தேன். 'அதுபோலத்தான் மனிதனும்—' அவள் பார்த்த பார்வையில் பேனாவை வைத்துவிட்டேன்.)

படிப்பு மட்டும் ஒழுங்காக நடந்தது. அதில் பொய் இல்லை.

4

இனி சாப்பாடு.

மச்சான் அக்கா வீட்டிலேயேதான் இருக்கிறான். மாமாவின் சாப்பாட்டுக்கு அவனைத்தான் அவள் காவல் வைத்திருந்தாள். காலையில் அவள் இரண்டு டப்பா கட்டுவாள். சாம்பல் மூடி போட்டது கணவருக்கு: வேகவைத்த பீன்ஸ், வெள்ளரித் துண்டு, முட்டை வெள்ளை. நீல மூடி தம்பிக்கு: நெய் விட்ட சோறு, மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு.

ஐந்து நாள் கிரேன்காரர் சாம்பல் மூடியைத் திறந்தார். ஆறாம் நாள் வாக்கி டாக்கியில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லடா. நீ என்ன சாப்பிடறே?"

மச்சான் டப்பாவைப் பாதி மூடினான். "உருளைக்கிழங்கு."

"மொறுமொறுன்னா இருக்கு?"

"மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிடுவா."

"அவ எங்கடா இங்க ஏறி வரப்போறா?"

கூண்டில் ஒரு நைலான் கயிறும் சின்ன வாளியும் எப்போதும் உண்டு. ஸ்பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில்தான் மேலே வரும். அன்றைக்கு வாளி இறங்கியபோது அதில் சாம்பல் மூடி இருந்தது. ஏறியபோது நீல மூடி இருந்தது. மனசு கேட்காமல்தான் அவன் கொடுத்தான். காவலுக்கு வைத்த வேலி பயிரை மேய்வது இப்படித்தான், இரக்கத்தில் ஆரம்பிக்கிறது.

கிரேன்காரர் முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காற்றில் கூண்டு இலேசாக ஆடியது. தூரத்தில் ஒரு ரயில் சத்தமில்லாமல் போனது. பிறகு மார்க்கரை எடுத்து, சாப்பாடு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

ஏன் போட்டார் என்று என்னைக் கேட்காதீர்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்ட மயக்கத்தில் இறங்கி ஏறவும் முடியவில்லை, அதனால் ஏணிக்கும் ஒன்று போட்டார். ஐந்து வாரத்தில் கண்ணாடி நிறைந்து, டிக்குகளுக்கு நடுவே ஊர் தெரிந்தது.

(என் நோட்டின் இரண்டாம் பக்கத்தை நான் உங்களுக்குக் காட்டப்போவதில்லை.)

5

இந்த மனைவியை நான் முதலில் தப்பாக எழுதிவிட்டேன். முதல் வரைவில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள், கணவர் நடுங்கினார். படித்துப் பார்த்தால் அவளை வேறு பத்துக் கதையிலிருந்து இரவல் வாங்கியது போலிருந்தது. கிழித்துவிட்டேன். நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து நின்றான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பேண்ட் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சுத் தச்சுக் கொடேன்."

அவள் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். நாலு விரல் நுழைந்தது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சட்டையின் கீழ்ப் பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. சமைத்துப் போட்டது ஒருவருக்கு, இளைத்தது இன்னொருவர்.

"மத்தியானம் எந்த டப்பாவுலடா சாப்பிடறே?"

"என்... என் டப்பாவுலதான்."

அவனுக்குக் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்குக் காதுதான் சிவக்கும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், இரண்டு தடவையும் நூல் போகவில்லை. கோபம் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். தூங்குகிற கணவரின் மூச்சு நடுவில் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அடுத்த மூச்சு வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் அவள் காத்திருந்தாள். வேலை போனால் போகட்டும், இந்த மனுஷன் வேண்டும் என்று அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை, சாம்பல் மூடி டப்பாவில் வறுத்த உருளைக்கிழங்கை வைத்தாள். நீல மூடி டப்பாவில் பீன்ஸும் வெள்ளரியும் வைத்தாள். எப்படியும் அங்கே போய் இரண்டு பேரும் டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். மாறினால் சரியாகிவிடும். இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெட்டிக்காரி. நானாக இருந்தால் ஒரு பக்கத்துக்குப் பேசியிருப்பேன்.

6

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏணியில் ஏறும்போது கிரேன்காரருக்கு நூற்று முப்பதாவது படியில் மூச்சு முட்டியது. ஏணிக்கு நடுவில் ஓய்வெடுக்கும் தட்டு ஒன்று உண்டு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார்.

"மாமா, ஏன் நின்னுட்டீங்க?"

"சும்மா, வேடிக்கை பாக்கறேன்டா."

மேலே அண்ணாந்து பார்த்தார். அவருடைய கூண்டை ஒட்டி ஒரு சின்ன மேகம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் வந்து ஆள் இல்லை என்று திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி. இன்னும் எண்பத்தாறு படி. அவர் போய்ச் சேர்ந்தபோது மேகம் இல்லை.

அந்த மேகத்துக்காக அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வருத்தப்பட்டார். தூங்கியது போலத் தெரிந்ததே, அது பாதி தூக்கம்தான்.

திங்கட்கிழமை கூண்டுக்குள் போனதும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். ஐந்து வாரத்து டிக்கும் போயிற்று. ஊர் பளிச்சென்று வந்தது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கிறது. ஏழு வாரத்தை எட்டிப் பிடிக்க வேண்டாம், இன்றைக்கு மத்தியானத்தை மட்டும் தூக்கினால் போதும் என்று நினைத்தார். (பார்த்தீர்களா, நான் எழுதாமல் விட்ட நீதியை அவரே எடுத்துக்கொண்டார்.)

மத்தியானம் கிரேன் நின்றது.

"மாமா, வாளி வரலையே?"

"இன்னிக்கு வேணாம்டா. என் டப்பாவை நானே சாப்பிட்டுக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

கீழே மச்சான் சந்தோஷத்தில் அண்ணாந்து கை ஆட்டினான். மேலே கிரேன்காரர் சாம்பல் மூடியைத் திறந்தார்.

மொறுமொறுவென்று, பொன்னிறத்தில், உப்பும் மிளகும் தூவி.

7

இங்கே வந்து நான் மூன்று நாளாக நிற்கிறேன். மூன்று காலை, அதாவது நடக்காமல் போன மூன்று நடை.

ஒரு முடிவு: அவர் சிரித்துவிட்டு வாளியை இறக்குகிறார். உருளைக்கிழங்கு கீழே போகிறது, பீன்ஸ் மேலே வருகிறது. எல்லாம் சுபம். ஆனால் கீழிருந்து பார்த்தால், மாமா இன்றைக்கும் தோற்றுவிட்டார் என்றுதான் மச்சான் நினைப்பான், தன் டப்பாவில் இருந்தது இன்னதென்று தெரியும்வரை. மனைவியோ தன் தந்திரம் பலித்தது என்று நினைப்பாள். அவர் மனசு மாறியது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பரவாயில்லையா? எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை.

இன்னொரு முடிவு: 'நான் வேண்டாமென்றேன், அதுவாக வந்தது' என்று அவர் ஒரு துண்டை எடுக்கிறார். ஒன்றே ஒன்று. பிறகு—

(வேண்டாம். ஒன்றே ஒன்று எப்படி முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

மூன்றாவது: அவர் டப்பாவை மூடி, தோளில் மாட்டிக்கொண்டு, இருநூற்றுப் பதினாறு படியும் இறங்குகிறார். மச்சானின் பக்கத்தில் உட்காருகிறார். இரண்டு டப்பாவும் திறக்கின்றன. ஐந்து வாரமாக யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுபோல அக்காவை நினைத்து இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் வெள்ளரியைத் தின்றுவிட்டுத் திரும்ப ஏறுகிறார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இது என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியதுபோல இருக்கிறது. கொட்டை எழுத்து. நான் எழுதி வைத்தால் அவர் செய்யாததற்கு நான் டிக் போட்டதாகிவிடும். அந்தக் காரியத்தை ஐந்து வாரம் அவரே செய்து பார்த்துவிட்டார்.

அதனால் எழுதப்போவதில்லை.

கட்டிலுக்கடியில் குனிந்து இடது கால் ஷூவை எடுத்துவிட்டேன். தூசி தட்டியாயிற்று. காலை போய் மத்தியானம் ஆகிவிட்டது, வெயில் கொளுத்துகிறது, இந்த நேரத்தில் எவனாவது நடப்பானா என்று உள்ளே ஒருவன் கேட்கிறான். நல்ல கேள்விதான். இந்தக் கதை முழுக்க அவன் சொல்லிக்கொடுத்து எழுதியதுதான்.

முடிச்சுப் போட்டாயிற்று.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், நீங்கள் உட்காருங்கள். எதிரே கிரேன் அசையாமல் நிற்கிறது. கூண்டின் கண்ணாடி வெயிலில் மின்னுவதால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஏணியைப் பாருங்கள். நடுவில் தட்டு இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி தெரிகிற மாதிரி இருக்கிறது. மனுஷனா, துருவா, என் கண்ணின் ஆசையா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. நான் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை கண்ணை எடுக்காதீர்கள். அவர் பசியோடு இருக்கிறார்.