தெருவத் திருப்பிப் போட்ட கதை

சிரிக்காதீங்கடா. உங்க தெருவுல போன வருஷம் எங்க போச்சுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் பதில் தெரியாது, எங்களப் பாத்து சிரிக்க வந்துட்டானுங்க. எங்க தெருவுல போன வருஷம் எங்கயும் போறதில்ல. பக்கத்து வீட்லயே குடியிருக்கும்.

ஜனவரி ஒண்ணாம் தேதி ஒவ்வொரு வீட்டுக்கும் கிழக்கால புதுசா ஒரு வீடு முளைக்கும். நாங்க அதுக்கு மாறிடுவோம். பழைய வீட்ல பழைய நாங்க இருப்போம். ஒரு குடும்பம்னா ஒரு வரிசை. போன வருஷ நான் இன்னும் காலேஜுக்குப் போயிட்டிருக்கான். காலைல பையோட கிளம்பும்போது, படிப்ப விட்டுட்டு வாசல்ல உக்காந்திருக்கற என்னப் பாத்து "வெக்கமா இல்லையா?"ன்னு கேப்பான். நான் அவன் டிபன் பாக்ஸ்ல என்னன்னு கேப்பேன்.

டிசம்பர் கடைசில வார்டு ஆபீஸ்லேருந்து கோதண்டபாணி சார் லேப்டாப்போட வருவார். எந்த வீட்ல எந்த வருஷம் எத்தன குக்கர் விசில்னு அதுல ஏத்துவார். ஆர் (R)னு கணக்குப் போடற ஒரு சாஃப்ட்வேர், கூடுச்சா கொறஞ்சுதான்னு அது கழிச்சுச் சொல்லும். விசில் கொறஞ்ச குடும்பத்தோட வரிசைய மறுநாள் தெருவுலேருந்தே எடுத்துடுவாங்க.

இந்தத் தடவ ஜெயசீலி அக்காவுக்கு மைனஸ் வந்துச்சு. தனியா இருந்து துணி தைக்கறவங்க. வருஷா வருஷம் அவங்க விசில் ஏறித்தான் இருந்துச்சு. அக்கா தையல் மெஷின மூடி வெச்சுட்டு, பழைய மூணு வருஷ அக்காங்களையும் கூப்பிட்டு பாத்திரத்த மூட்ட கட்டச் சொன்னாங்க.

நான் லேப்டாப்ப எட்டிப் பாத்தேன். "சார், அக்காவ யாரோட வெச்சுக் கழிச்சீங்க?"

"வடக்கு வரிசை. மாவு மில் தனகோடி."

"அவர் வீட்ல பதினோரு பேர் சார். போன வருஷ அக்காவோட வெச்சுல்ல கழிக்கணும்?"

"தம்பி, இது வடக்கேருந்து தெக்கதான் கழிக்கும். மேற்கேருந்து கிழக்க, குறுக்கப் போகாது. நான் என்ன பண்ண?"

"அது திரும்பலன்னா தெருவத் திருப்பிடலாம்."

சார் வாட்சப் பாத்தார். "அஞ்சு மணிக்கு எனக்கு பஸ். அதுக்குள்ள முடிப்பியா?"

முடிச்சோம். எல்லா வருஷத்து ஆளுங்களும் எறங்கினாங்க. நாலு தனகோடி சேர்ந்து ஒரு செவத்துக்குத் தோள் குடுத்தா எந்த வீடுதான் நகராது? குறுக்கக் கிடந்ததெல்லாம் நெடுக்க வந்துச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் வடக்க அதோட போன வருஷம். தண்ணித் தொட்டி மட்டும் லேசா சாஞ்சுது.

சார் பட்டனத் தட்டினார். அக்காவுக்கு பிளஸ், பிளஸ், பிளஸ். கடைசி வருஷம் ரெண்டு மடங்கு. தெருவுலயே அவங்கதான் ஃபர்ஸ்ட்டு. முதல் வருஷ அக்காவுக்கு மட்டும் ஒண்ணும் வரல. "அவங்களுக்கு முன்னாடி யாரும் இல்ல, எதோட கழிக்கறது? அந்த வீடு கணக்குலயே வராது"ன்னார் சார்.

பட்டாசு வெடிச்சாங்க. என்னத் தோள்ல தூக்கி ஆடினாங்க. காலேஜ் போற நானும் வந்து ஒரு காலப் புடிச்சுக்கிட்டான். "அப்பவே தெரியும்டா, நீ தேறிடுவ"ன்னான். தோள் மேல உக்காந்தபடியே எங்க வீட்டு கணக்கையும் பாத்தேன். மைனஸ்.

மறுநாள் எங்க வரிசைய எடுத்தாங்க. நாலு வருஷத்து நாங்களும் ஜெயசீலி அக்காவோட முதல் வருஷ வீட்டுக்குக் குடி போனோம். கணக்குல வராத வீடு, எவனும் வந்து எண்ண மாட்டான். அந்த அக்காவுக்கு இன்னும் என்னத் தெரியாது.

"நீ யாரு தம்பி?"ன்னாங்க.

"மூணு வருஷம் கழிச்சுப் பழக்கம்க்கா"ன்னேன்.

சரின்னு பெரிய குக்கரா எடுத்து அரிசி களைஞ்சாங்க.

எங்க வீட்டு விசில் எப்படிக் கொறஞ்சுதுன்னுதானே முழிக்கறீங்க? காலேஜ விட்டதுலேருந்து, அப்பா திட்டுக்கு பயந்து, மூணு வேளையும் அக்கா வீட்லதான் தின்னேன். அவங்க விசில் ரெண்டு மடங்கு ஆனதே என் வயித்தாலதான்.