ஏற்றத்தில் நாலு நிமிஷம்

சைக்கிள் பந்தயம் முடிய இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. கருங்கல் பாவிய ஏற்றத்தின் நடுவில் ஸில்கேயின் பின்சக்கரம் பஞ்சராகி அமுங்கியது.

"அக்கா, போச்சு!"

அணியில் ஜெயிக்க வேண்டியவள் ஸில்கே. அவளை ஜெயிக்க வைக்க வேண்டியவள் டினேகே. பன்னிரண்டு வருஷமாக யாரோ ஒருத்திக்காக அவள் செய்துவரும் வேலை. குதித்து இறங்கித் தன் சைக்கிளை நீட்டினாள்.

"ஏறுடி! பேசாம ஏறு!"

முதுகில் கைகொடுத்துத் தள்ளிவிட்டாள். ஸில்கே போய்விட்டாள். அணியின் கார் மாற்றுச் சைக்கிளோடு எங்கோ கீழே நெரிசலில் மாட்டியிருந்தது. பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டு டினேகே மேலே நடந்தாள்.

"என்னம்மா, இது நடைப் பந்தயமா?" என்றார் பியரும் கையுமாக நின்ற ஒரு பெரியவர்.

"நீங்க வந்து ஓட்டுங்களேன், பார்ப்போம்!"

வேலியோரம் சிரிப்பு கிளம்பியது.

ஏற்றத்தின் உச்சியில் சின்னத் தேவாலயச் சுவரோரம் அவள் கணவன் வானஸ் குழந்தையோடு நின்றான். போகிற போக்கில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஸ்பெயினில் பயிற்சி, பிறகு வரிசையாகப் பந்தயங்கள். குழந்தையைத் தொட்டு ஐந்து வாரமாகியிருந்தது.

"ஏன் நடந்து வர்ற? விழுந்துட்டியா?"

"இல்ல. வண்டியைக் குடுத்துட்டேன். இவளைக் குடு."

ஒன்பது மாதக் குழந்தை நோரா, ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் சேறுமாக நின்ற உருவத்தைப் பார்த்து வீறிட்டாள். அப்பாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

டினேகே நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "என்னை மறந்துட்டாடா."

"உன்னை எங்க தெரியுது? முதல்ல அதையெல்லாம் கழட்டு."

கழற்றினாள். "எலிக்குட்டி... அம்மாடி, என் எலிக்குட்டி..."

அழுகை பாதியில் நின்றது. குழந்தை உற்றுப் பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி அம்மாவின் கன்னத்துச் சேற்றைத் தொட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், துப்பு! அது பாதி மாட்டுச் சாணி!" என்றான் வானஸ்.

குழந்தை சிரித்தாள். கீழ் ஈறில் அரிசி போல ஒரு பல்.

"பல்லு வந்திருக்கா? சொல்லவே இல்ல!"

"நீயே பார்க்கணும்னுதான்."

குழந்தை அவளிடம் தாவினாள். நனைந்த சட்டையில் முகம் புதைத்த அந்தச் சூட்டை டினேகே அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

கார் வந்து சேர்ந்தது. மேலாளர் ஜன்னலில் தலையை நீட்டினார். "நாலு நிமிஷம் போச்சு டினேகே! நீ போய்ச் சேர்ந்தும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. கார்ல ஏறிக்கோ."

"சைக்கிளை எறக்குங்க சார். முடிச்சிட்டுத்தான் வருவேன்."

குழந்தையின் உச்சியில் முத்தமிட்டு வானஸிடம் கொடுத்தாள். மாற்றுச் சைக்கிளில் ஏறியதும் அவன் ஒரு கையால் அவள் முதுகைத் தள்ளிவிட்டான்.

கடைசிக்கு முந்தினவளாகக் கோட்டைத் தாண்டினாள். ஸில்கே இரண்டாவதாக வந்திருந்தாள். அரைச் சக்கர தூரத்தில் தோற்று, அணியின் பேருந்துப் படியில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடுக்கா. உன் வண்டியையும் வாங்கிட்டுப் போய்..."

டினேகே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாதடி. எம் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருக்கு, தெரியுமா?"