உறை கழற்றாத கோட்டு

முதல் மழை விழுந்த ஒன்பதாம் நாள் சுயம்புவின் கோட்டுக்கு அக்குளில் முடி முளைக்கும். வருஷம் தவறியதில்லை. தாராவி தொண்ணூறடிச் சாலைக்கு உள்ளே, தோல்பைப் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில், இரும்பு பீரோவைத் திறந்து அந்த முடியைச் சிரைப்பது அவன் மனைவி பேராச்சியின் வேலை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் சிரைப்பாள். கழித்த முடியைப் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பைவண்டியில் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள், கோட்டுக்குச் சவரம் ஆச்சா என்று வெங்காய விலையைக் கேட்பதுபோலக் கேட்பார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில், தாதரில் துணி எடுத்து, தன் கல்யாண ரிசப்ஷனுக்காகத் தைத்த கருநீலக் கம்பளிக் கோட்டு அது. மூன்று மணி நேரம் போட்டான். லாண்டரியிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு வந்ததை அப்படியே பீரோவில் மாட்டினான், அவ்வளவுதான். உறையைப் பிரித்தால் புதுசு போய்விடும் என்பது அவன் கட்சி. அந்தச் சந்தில் எல்லோருக்கும் அதே கட்சிதான். டிவி ரிமோட்டுக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, நாற்காலிக்கு வந்த உறை நாற்காலி உடைகிறவரை. ஞாயிறுதோறும் சுயம்பு ஈரத்துணியால் கோட்டின் உறையைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியாக மாட்டுவான். பெற்ற பிள்ளைக்கு ஒரு நாள் தலை வாரிவிட்டதில்லை. கட்டியவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. பேராச்சிக்குக் கோட்டைக் கண்டால் அருவருப்பு, அதைத் துடைக்கிறவனைக் கண்டால் அதைவிட.

நான்காம் வருஷம் முடி முளைத்தது, உறையைக் கழற்றாமல் அடியிலிருந்து தூக்கித்தான் பேராச்சி சிரைக்கவேண்டும். எட்டாம் வருஷம் கோட்டு வியர்க்கத் தொடங்கியது. பேராச்சி அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்தாள், காலையில் பாதி நிறைந்திருக்கும். பன்னிரண்டாம் வருஷம் பொத்தானுக்குப் பின்னால் சின்னத் தொந்தி போட்டது. ஊரடங்கு வருஷம் கைமுனையில் ஈரமான இரண்டு கைகளும், கூடவே மாட்டியிருந்த ஜோடிப் பேன்ட்டின் நுனியில் பாதங்களும் வந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் வரவில்லை. கரப்பான்கூட பீரோ பக்கம் போகாது. தாங்க முடியாமல் ஒரு தடவை அதை டாக்ஸியில் வைத்து, மாட்டுங்காவில் லாண்டரி வைத்திருந்த திருவேங்கடத்திடம் இருவரும் கொண்டுபோனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“கம்பளி மூச்சு விடணும்யா. வந்த அன்னிக்கே இந்தக் கவரைக் கிழிச்சு எறிஞ்சிருக்கணும். தோள் அகலமான ஹேங்கர்ல மாட்டி, பிரஷ்ஷால மேலேர்ந்து கீழே தூசி தட்டி, ஒரு நாள் காத்தாட விட்டாப் போறும். நீங்க வாழைத்தார் மாதிரி மூட்டம் போட்டு வச்சிருக்கேள், அது பழுத்துடுத்து.”

சுயம்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திரும்பி வரும் வழியில் இரண்டாவதாக ஒரு உறை வாங்கி, முதல் உறைக்கு மேலேயே போட்டான்.

மகள் இசக்கிசெல்விக்குச் செம்பூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை ராஜகுமாரின் அப்பா ஞானதுரை, மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரர். வரதட்சணை வேண்டாம், ரிசப்ஷன் மேடையில் சம்பந்திகள் இருவரும் கோட்டு சூட்டோடு நிற்கவேண்டும், போட்டோ நன்றாக வரவேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும் கேட்டார். சுயம்பு மார்பைத் தட்டி ஒப்புக்கொண்டான். ஆவணி முகூர்த்தத்தன்று மத்தியானம் பேராச்சி பீரோவைத் திறந்தாள். சுயம்பு உறையை இடுப்புவரை சுருட்டித் தூக்கிப் பிடித்து, கிழியாமல் கையை உள்ளே நுழைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. முதுகைக் கொடுத்துப் பார்த்தான், இன்னொரு முதுகு இடித்தது. ஒரு மணி நேரம் பனியனோடு மல்லுக்கட்டினான். கோட்டு இம்மி நகரவில்லை. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கடைகளில் ஒரு கோட்டும் மிச்சமில்லை.

மகள் அழவில்லை, அது பேராச்சியை இன்னும் பயமுறுத்தியது. “எம்மா, மேடையில கோட்டு இல்லேன்னா அந்த வீட்டுல காலம்பூரா சொல்லிக் காட்டுவாவ,” என்றாள்.

பேராச்சி அரிவாள்மணையை எடுத்துவந்து இரண்டு உறைகளையும் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே அடைந்து கிடந்த இருபத்திரண்டு வருஷமும் ஒரே மூச்சாக வெளியே வந்தது. ஊறின செருப்பு, புளித்த மாவு, ஆம்பளை வியர்வை. ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினாள், மணிக்கட்டைச் சிரைத்தாள், ஜன்னலோரம் ஒரு மணி நேரம் காத்தாட விட்டாள். கோட்டு தானாக ஹேங்கரிலிருந்து இறங்கி நின்றது. சுயம்பு கிழிந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினான். அவனை அப்படியே விட்டுவிட்டுத் தாயும் மகளும் கோட்டுமாக மண்டபத்துக்குப் போனார்கள்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள், அன்றைக்கு மேடையில் ஆடையே முழுசாக நின்றது. எல்லோரையும் கும்பிட்டது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பெண்ணைப் பெற்றவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஞானதுரை அதன் கையைக் குலுக்கிவிட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார், சம்பந்தி அதிகம் பேசாத மனுஷர் என்று மெச்சினார். பந்தியில் பேராச்சிக்கு அது நாற்காலியை இழுத்துப் போட்டது. அவள் இலையில் சோறு விழும்வரை பின்னால் நின்றது. பரிமாறுகிறவனைக் கைதட்டிக் கூப்பிட்டு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டியது. அந்த ஈரக் கை தோளில் உரசியபோது முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்துவிடவில்லை. எழுந்துவிடாத தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பேராச்சியும் கோட்டும் வீட்டுக்கு வந்ததும் சுயம்பு கேட்ட முதல் கேள்வி: “கறை கிறை பட்டுச்சாட்டி?”

“படல,” என்றாள் பேராச்சி. “நான் சாப்ட்டனான்னு கேக்க அதுக்கு வாய்தான் இல்ல. ஒமக்கு இருக்கு.”

கார்த்திகையில் நெருளில் ஒரு கிரகப்பிரவேசம். அழைக்க வந்தவர்கள் பேராச்சியிடம் பத்திரிகையை நீட்டி, கோட்டையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். சுயம்புவுக்குச் சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். குர்லாவில் ரயிலேறும்போது அந்தக் கை அவள் முதுகுக்குப் பின்னால் அணைகொடுத்தது. குமட்டத்தான் செய்தது, ஆனால் கூட்டம் அவளை நெரிக்கவில்லை.