முதல் ஈட்டி யாருடையது?

உயிலங்குளத்துக் கனகரத்தினம் ஒரு பன்றித் தலைக்காக மறியலுக்குப் போகப் பார்த்தான். வயலை உழுதுபோட்ட காட்டுப்பன்றியை அவன் ஈட்டியால் குத்த, பின்னால் வந்த ஊர் அதிகாரி, உடையார் சீவரத்தினம், துவக்கால் சுட்டுவிட்டு முழுப் பன்றியும் தனது என்றார். முதல் ஈட்டிக்காரனுக்குத் தலை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கனகரத்தினம் தலையை வெட்டிக்கொண்டு போய்விட்டான். உடையார் களவு வழக்குப் போட்டார். மூன்று மாதம் சிறையில் இருந்தால் யார் அவனுடைய நெல்லை அறுப்பது?

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரைதான் நீதவான். அவருக்கு மொழிபெயர்ப்பவன் நான். கொன்றவனுக்கே மிருகம் என்று சொன்ன துரை, சுவரில் தான் மாட்டியிருந்த வேட்டைப் படத்தையே அதற்குச் சாட்சியாகக் காட்டினார். பழைய ரோமர் கல்லில் செதுக்கிய வேட்டையைப் பார்த்து, முந்நூறு வருடத்துக்கு முன் ஓர் இத்தாலிக்காரன் மையால் வரைந்ததாம். குதிரைமேல் இருக்கும் பிரபு பன்றியைக் கொல்கிறாராம். ஆறு வருடமாக அதன் முன்னால் நின்று கொட்டாவி விட்டவன் நான்.

கனகரத்தினம் யாரையும் கேட்காமல் படத்துக்குக் கிட்டப் போனான். வழக்கையே மறந்துவிட்டான்.

"ஐயா, இதைக் கீறின மனிசன் பன்றிக்கு முன்னால நிண்டவன். பிடரி மயிரைப் பாருங்கோ! பாயேக்க இப்பிடித்தான் நிமிரும்."

நானும் பார்த்தேன். நாயின் ஒட்டிய வயிறு ஒரே கோடு. பன்றி மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. இத்தனை நாள் குருடனாக இருந்திருக்கிறேன்.

"துரையிட்டச் சொல்லுங்கோ," என்றான். "குதிரைக்காரன்ர ஈட்டி இன்னும் அவன்ர கையிலதான் இருக்கு. இஞ்ச பாருங்கோ, பன்றியின்ர தோளில ஒண்டு முறிஞ்சு நிக்குது. மற்றத் துண்டு, கீழ விழுந்து கிடக்கிறவன்ர கையில. முதல் ஈட்டி அவன்ர."

சொன்னேன். துரை பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்தார். கீழே கிடந்தவனின் கையில் சின்னஞ்சிறு கோடாக அந்தத் துண்டு இருந்தது. துரையின் காது சிவந்தது. நீதவான் கதிரையில் போய் உட்கார்ந்து, தலை முதல் ஈட்டிக்காரனுக்கே என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

உடையார் சால்வையை உதறிக்கொண்டு வெளியேறினார். கனகரத்தினம் அசையவில்லை.

"ஐயா, கடைசியில கீழ கிடக்கிற அந்த மனிசனுக்குத் தலையைக் குடுத்தவையோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். துரை மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை நோக்கி நீட்டினார். பிறகு, தெரியாது என்றார். அந்தக் கதிரையில் இருந்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.